‘லாஜிக் இல்லை’ என்னும் தீர்ப்பு: ‘லூப்பன்’ தொடரைப் பார்த்தவர்கள் பாராதது

2021 ஜனவரி 8 அன்று நெட்ஃபிளிக்ஸில் முதல் ஐந்து அத்தியாயங்களோடு வெளியான ‘லூப்பன்’ என்னும் பிரெஞ்சுத் தொடரைப் பற்றிப் பார்வையாளர்கள் சொன்ன குறைகளுள் அடிக்கடி காதில் விழுவது ஒன்று: லாஜிக் இல்லை. ஒமார் சீ ஏறத்தாழ 190 சென்டிமீட்டர் உயரமுள்ளவர். அவர் ஏற்றிருக்கும் அசான் தியோப் என்னும் பாத்திரம் ஒரு தொப்பியையோ ஒரு வேலைச் சீருடையையோ மாட்டிக்கொண்டவுடன் பாரிஸ் நகரமே அவனை அடையாளம் காணத் தவறுகிறது. ‘இது எப்படிச் சாத்தியம்?’ என்று கேட்டுவிட்டுப் பலரும் தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தொடரின் முதல் பகுதியைப் பொறுத்தவரை தவறானது. அத்தொடர் முன்வைக்கும் வாதத்தையே அதன் ஓட்டை என்று எண்ணிக்கொண்டு எழுதப்பட்டது அது.

இன்னொரு தரப்பு அசல் வழுவல் என்னும் குறையைச் சொல்கிறது. மொரீஸ் லெப்லான் படைத்த ஆர்சேன் லூப்பன் வெள்ளையினக் கனவான். செனகல் வழி வந்த கறுப்பின இளைஞன் எவ்வாறு லூப்பன் ஆக முடியும் என்பது இவர்கள் கேள்வி. இதற்கு விடை தொடரின் கதையமைப்பிலேயே இருக்கிறது. அசான் தியோப் லூப்பன் அல்லன், லூப்பனைப் படித்தவன். தந்தை கொடுத்த புத்தகத்தை வேதமாகக் கொண்டு வளர்ந்த வாசகன். அவனைத் துரத்தும் காவல்துறையிலும் யூசெஃப் என்னும் ஒருவர்தாம் உண்மையை நெருங்குகிறார். அவரும் லூப்பன் கதைகளின் வாசகர் என்பதே காரணம். அசான் பயன்படுத்தும் பால் செர்னின், லூயிஸ் பெரேனா ஆகிய பொய்ப்பெயர்கள் இரண்டும் லெப்லானின் லூப்பன் வைத்துக்கொண்டவை. இரண்டுமே ஆர்சேன் லூப்பன் என்பதன் ரோமன் எழுத்துகளைக் கலைத்து அடுக்கியவை. தமிழ் எழுத்தில் எழுதும்போது இந்தப் புதிர் மறைந்துவிடுகிறது. பிரெஞ்சில் அது கண்முன்னே கிடக்கிறது. கிடந்தும், புத்தகம் படித்த ஒருவரைத் தவிர எவர் கண்ணிலும் படுவதில்லை.

மேலும், அசலுக்கு உண்மையாக இருத்தல் என்னும் அளவுகோலை லெப்லானின் பெயரால் உயர்த்துவது வேடிக்கையானது. 1905 ஜூலையில் ‘ஜெ சே தூ’ இதழில் லூப்பனின் முதல் கதை வந்தது. அடுத்த ஆண்டே லெப்லான், கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸைத் தன் கதைக்குள் இழுத்துவந்து லூப்பனுக்கு எதிரே நிறுத்தினார். டாயில் தரப்பு எதிர்த்தபோது, பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி ‘ஹெர்லாக் ஷோல்மெஸ்’ ஆக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பிறர் சொத்தை எடுத்து ஆள்வது அந்த எழுத்துலகின் பிறவிக்குணம். 1967இல் ஜப்பானில் மங்கி பஞ்ச் வரையத் தொடங்கிய படக்கதையின் நாயகன் லூப்பனின் பேரன் என்று சொல்லிக்கொண்டான். மியாசாகி 1979இல் அவனை வைத்துத் திரைப்படமே எடுத்தார். அந்தப் பேரனை உலகம் கொண்டாடுகிறது. இரத்த உறவு கொண்டாடும் ஜப்பானியப் பேரன் ஏற்புடையவன், வாசக உறவு மட்டுமே கொண்டாடும் பிரெஞ்சுக் கறுப்பினத்தவன் ஏற்புடையவன் அல்லன் என்றால், அங்கே பேசப்படுவது அசல்மீதான பற்று அன்று.

அசலையே திறந்து பார்ப்பது நல்லது. 1907இல் வெளியான முதல் தொகுப்பில் ‘அரசியின் கழுத்தணி’ என்றொரு கதை உண்டு. த்ரூ-சுபீஸ் பிரபுவின் மாளிகையிலிருந்து புகழ்பெற்ற வைரக் கழுத்தணி மாயமாகிறது. அதே வீட்டின் ஓர் அறையில் ஹென்ரியெட் என்னும் பெண் தன் சிறு மகனோடு ஒண்டியிருக்கிறாள். ஒருகாலத்தில் சீமாட்டியின் தோழி. தகுதிக்குக் குறைந்தவனை மணந்து வறுமையில் விழுந்ததால் இப்போது வீட்டுவேலை செய்து பிழைப்பவள். ஐயம் அவள்மீது விழுகிறது, ஆதாரம் கிடைக்கவில்லை, ஆயினும் அவள் வெளியேற்றப்படுகிறாள். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு விருந்தில் விருந்தினன் ஒருவன் முடிச்சை அவிழ்க்கிறான்: திருடியவன் அந்த ஆறு வயதுச் சிறுவன். தாயை அவமதித்த வீட்டுக்கு அவன் கொடுத்த பதில் அது. அந்தச் சிறுவனே ஆர்சேன் லூப்பன். அவனுடைய முதல் திருட்டு அது.

தொடர் இக்கதையை எடுத்து என்ன செய்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுவேலை செய்யும் தாயின் இடத்தில், பெல்லெக்ரினி குடும்பத்தின் காரோட்டியாகிய செனகல்காரர் பபகார் வருகிறார். கழுத்தணி அதே கழுத்தணி. ஐயம் அதே திசையில், கீழ்நோக்கி, விழுகிறது. பபகார் சிறையில் இறக்கிறார்; மகன் வளர்ந்து பழிதீர்க்க வருகிறான். லெப்லானின் கதையில் எலும்பாக இருந்த பணக்கார வீடு, அண்டிப்பிழைக்கும் பணியாள், ஆதாரமில்லாத ஐயம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை ஆகிய நான்கும் அப்படியே இருக்கின்றன. 1907இல் அந்த எலும்பின்மீது போர்த்தப்பட்ட தசை வீழ்ந்துபட்ட ஒரு மேல்தட்டுப் பெண்ணுடையது. 2021இல் புலம்பெயர்ந்த ஒரு தொழிலாளியுடையது. இன்றைய பிரான்சில் திருட்டு நடந்தால் ஐயம் யார்மீது முதலில் விழும் என்று கேட்டுக்கொண்ட எவரும் இந்த மாற்றத்தையே செய்திருப்பர். இதை அசல் வழுவல் என்பவர்கள் அசலின் தொப்பியையும் ஒற்றைக்கண் கண்ணாடியையும் நினைவில் வைத்துக்கொண்டு, கதையை மறந்துவிட்டவர்கள்.

இனி லாஜிக் என்னும் மையக் குற்றச்சாட்டுக்கு வரலாம். லூப்பன் கதைகள் தொடக்கத்திலிருந்தே ஒரே கேள்வியின்மீது நிற்பவை: ஒரு மனிதனை மற்றவர்கள் எதைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள்? 1905இன் முதல் கதையில் அமெரிக்கா நோக்கிச் செல்லும் கப்பலுக்குக் கம்பியில்லாத் தந்தி வருகிறது: லூப்பன் கப்பலில் இருக்கிறான், முதல் வகுப்பு, பொன்னிற முடி, வலக்கையில் காயம், தனிப்பயணி, பெயரின் முதல் எழுத்து ஆர். பயணிகள் இந்த அடையாளங்களை ஒவ்வொருவர்மீதும் பொருத்திப் பார்த்து ரோசைன் என்பவரை ஐயுறுகிறார்கள். கதையைச் சொல்லிக்கொண்டே வரும் இனிமையான கனவானை ஒருவரும் ஐயுறவில்லை. அவனே லூப்பன். நற்குடிப் பேச்சும் நல்ல உடையும் அவனுக்கு முகமூடி ஆயின.

அதே தொகுப்பில் மற்றொரு கதை எதிர்ப்புறத்திலிருந்து இதைச் செய்கிறது. சிறையிலிருக்கும் லூப்பன் தன் வழக்கு விசாரணைக்குத் தான் வரப்போவதில்லை என்று முன்கூட்டியே அறிவிக்கிறான். விசாரணை நாளில் கூண்டில் நிற்பவனோ மங்கிய கண்களும் தளர்ந்த உடலும் கொண்ட தெசிரே போத்ரு என்னும் நாடோடி. லூப்பனைத் தன் கையால் பிடித்த துப்பறிவாளர் கனிமாரே இவன் அவனல்லன் என்று சாட்சி சொல்கிறார். நீதிமன்றம் நாடோடியை விடுவிக்கிறது. விடுவிக்கப்பட்டவன் லூப்பன். பாரஃபின் ஊசியும் சில இரசாயனங்களும் முகத்தை மாற்றின என்று அவன் பின்னர் விளக்குகிறான். ஆனால் ஊசியைவிட வலுவான காரணம் வேறொன்று: லூப்பன் தப்பித்தே தீருவான் என்று எல்லாரும் முன்பே நம்பிவிட்டிருந்தார்கள், எதிரே நின்ற எளியவனைக் கண்டதும் அந்த நம்பிக்கை பார்வையை முந்திக்கொண்டது.

இவ்விரு கதைகளும் இருவகைக் குருட்டுத்தன்மையைக் காட்டுகின்றன. ஒன்று மதிப்பினால் வருவது: கனவானை ஐயுறக் கூடாது. மற்றொன்று புறக்கணிப்பினால் வருவது: நாடோடியை உற்றுநோக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் தாய் ஒன்றே. மனிதனைப் பாராமல் அவன் நிற்கும் படியைப் பார்ப்பது.

தொடரின் முதல் அத்தியாயம் இவ்விரண்டையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவருகிறது. லூவர் அருங்காட்சியகத்தில் அசான் துப்புரவுப் பணியாளன். அதே லூவரில் நடக்கும் ஏலத்தில் பால் செர்னின் என்னும் செல்வந்தன். ஏலத்தில் கழுத்தணியை வாங்குபவனும் அவனே. உண்மையான அணியைக் குப்பையோடு வைத்துவிட்டு, பின்னர்ச் சீருடையில் வந்து குப்பையை எடுத்துச் செல்பவனும் அவனே. இரவுதோறும் தரை துடைத்தவனின் முகத்தை அங்கே ஒருவரும் மனத்தில் வாங்கியிருக்கவில்லை என்பதே அவனுடைய திட்டத்தின் அச்சாணி. இரண்டாம் அத்தியாயத்தில் இன்னும் கூர்மையாக ஒன்று நடக்கிறது: பார்வையாளனாகச் சிறைக்குள் செல்லும் அசான் அங்கிருக்கும் கறுப்பினக் கைதி ஒருவனோடு இடம் மாற்றிக்கொள்கிறான். கைதி வெளியேறுகிறான், அசான் உள்ளே தங்குகிறான். காவலர்கள் வேறுபாட்டை அறிவதில்லை.

இந்தக் காட்சியைக் கண்டு ‘இப்படியும் ஆள் தெரியாமல் போகுமா?’ என்று சிரித்த பார்வையாளர்கள், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்கள்; விடைக்காகக் காத்திருக்கவில்லை. போத்ருவின் கதையில் கனிமாரின் கண்ணை வறுமைத் தோற்றம் மறைத்தது. சிறைக்காவலர்களின் கண்ணை நிறம் மறைக்கிறது. முன்னதை நூற்றாண்டுக்கும் மேலாக ‘மேதைமை’ என்று கொண்டாடிவிட்டுப் பின்னதை மட்டும் ‘லாஜிக் இல்லை’ என்று ஒதுக்குவது எந்த அளவுகோலின்படி? பாரஃபின் ஊசியால் முகம் மாறும் என்பதை நம்ப முடிகிறது. ஒரே நிறமுடைய இருவரைப் பிரித்தறிய அக்கறையில்லாத காவலர்கள் இருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை. நம்பகத்தன்மை பற்றிய இந்த உணர்வு கதையின் கட்டமைப்பிலிருந்து எழுவது அன்று. பார்ப்பவர் எந்த உலகில் வாழ்வதாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதிலிருந்து எழுவது.

பார்வையாளர் கருத்துகளில் மொழி வகிக்கும் பங்கும் உரிய கவனம் பெறவில்லை. தொடரைப் பிரெஞ்சில் கேட்டவர்களும் ஆங்கில டப்பிங்கில் கேட்டவர்களும் ஒரே படைப்பைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். பிரெஞ்சில் முன்னிலைக்கு இரு சொற்கள் உண்டு; தமிழின் ‘நீ’, ‘நீங்கள்’ போல. 1960இல் பிரவுனும் கில்மனும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இத்தகைய இணைகளில் அதிகாரமும் நெருக்கமும் எவ்வாறு பதிந்திருக்கின்றன என்பதை விளக்கியது. பிரான்சில் இது ஏட்டு இலக்கணமாக நின்றுவிடவில்லை. 2014இல் நடைமுறைக்கு வந்த காவல்துறை நடத்தை விதிகள், பொதுமக்களிடம் பேசும்போது மரியாதைப் பன்மையையே பயன்படுத்த வேண்டும் என்று எழுத்தில் விதித்தன. காவலர்கள் புறநகர் இளைஞர்களை ‘நீ’ என்று அழைப்பது அங்கே நெடுநாள் குமுறல். வேலைக்காரன், காவலன், செல்வந்தன், கைதி என்று ஒவ்வோர் உடைக்கும் ஏற்ப மற்றவர்கள் தன்னை விளிக்கும் முறை மாறுவதை அறிந்த ஒருவனின் கதைக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. ஆங்கில டப்பிங் அதை ஒரே சொல்லில் கரைத்துவிடுகிறது. உடையை மாற்றினால் உலகம் பேசும் விதம் மாறுகிறது என்பதற்கான செவிச்சான்று பெரிதும் அழிந்துபோகிறது. சான்றை அழித்துவிட்ட வடிவத்தைக் கேட்டுவிட்டு ‘எப்படி ஏமாறுகிறார்கள் என்றே புரியவில்லை’ என்று எழுதுவதில் வியப்பில்லை. தமிழில் சிந்திக்கும் பார்வையாளர் இந்த இழப்பை எளிதில் உணரக்கூடியவர்; அவருடைய மொழி ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்த முடிவை எடுக்கச் சொல்கிறது. ஆயினும் இந்தியக் கல்விச்சூழலில் எழுதப்படும் கருத்துகள் ஆங்கிலக் குரலையே தொடரின் குரலாகக் கொள்கின்றன.

குறை சொல்பவர்களை மட்டும் கடிந்துவிட்டுப் பாராட்டுபவர்களை விட்டுவிடுவது நேர்மையாகாது. ‘இனவாதத்துக்கு எதிரான துணிச்சலான தொடர்’ என்னும் பாராட்டும் பாதிப் பார்வையே. முதல் பகுதியில் ஒரு காட்சி: காவல் அதிகாரியாக நடிக்கும் அசான், செல்வச் செழிப்புள்ள முதிய பெண்ணொருத்தியின் நகைகளைப் பாதுகாப்பதாகச் சொல்லி வாரிச்செல்கிறான். பெல்ஜியக் காங்கோவிலிருந்து வைரங்களைக் கொண்டுவந்த கதையை அவள் எந்தக் கூச்சமுமின்றிச் சொல்கிறாள். ஒரு நொடியில் ‘யார் திருடர்?’ என்னும் கேள்வி குடும்ப வரவேற்பறையிலிருந்து கண்டங்களுக்குத் தாவுகிறது. ஆனால் தொடர் அக்கேள்வியைத் தொடரவில்லை. பழி முழுவதும் யூபேர் பெல்லெக்ரினி என்னும் ஒரு தீயவனின் தலையில் ஏற்றப்படுகிறது. அவன் வீழ்ந்ததும் நீதி கிடைத்துவிட்டதாகக் கதை மூச்சுவிடுகிறது. பபகாரை ஐயுறுவதற்குப் பெல்லெக்ரினியின் சூழ்ச்சி தேவைப்பட்டது என்று காட்டுவதன்மூலம், சூழ்ச்சியே இல்லாமலும் ஐயம் அவர்மீதுதான் விழுந்திருக்கும் என்னும் கசப்பான உண்மையைத் தொடர் மென்மையாக்கிவிடுகிறது. லெப்லானின் ஹென்ரியெட்டை வெளியேற்ற எந்தச் சூழ்ச்சியும் தேவைப்படவில்லை; பிரபு வீட்டின் வழக்கமான மனநிலையே போதுமானதாயிற்று. இந்த ஓர் இடத்தில் 1907இன் பொழுதுபோக்குக் கதை 2021இன் ‘துணிச்சலான’ தொடரைவிடக் கடுமையானது. பாராட்டியவர்களுள் இதைச் சுட்டியவர்கள் அரிது.

லாஜிக் குற்றச்சாட்டு முழுவதும் பொய்யும் அன்று. அது செல்லுபடியாகும் இடமும் உண்டு. 2021 ஜூனில் வந்த இரண்டாம் பகுதியின் போக்கில் அசானின் முகம் ஊரறிந்ததாகிறது; 2023 அக்டோபரில் வந்த மூன்றாம் பகுதியில் அவன் நாடே பேசும் புகழாளன். கறுப்பு முத்தைத் திருடப்போவதாக முன்னறிவிப்பே செய்கிறான். இப்போது அவனை எவரும் புறக்கணிக்கவில்லை, எல்லாரும் தேடுகிறார்கள். ஆனாலும் பொய்த்தாடியும் ஒப்பனையும் முன்போலவே வேலை செய்கின்றன. முதல் பகுதியில் மாறுவேடத்துக்குச் சமூகம் காரணம் தந்தது. மூன்றாம் பகுதியில் ஒப்பனைக்கலைஞர் தருகிறார். தேடப்படுபவனின் மறைவுக்கும் பொருட்படுத்தப்படாதவனின் மறைவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடரே மறந்துவிட்டது. இங்கே ‘லாஜிக் இல்லை’ என்பவர் சரியாகச் சொல்கிறார். சிக்கல் யாதெனில், முதல் அத்தியாயத்தைப் பற்றியும் பதினேழாம் அத்தியாயத்தைப் பற்றியும் அவர் அதே சொற்களில் அதையே சொன்னார். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியை நுழைப்பவருக்கு ஒரு பூட்டு திறந்துவிட்டதால் அவரைத் திறவுகோல் வல்லுநர் என்று கொள்ள முடியாது.

இது ஒரு தொலைக்காட்சித் தொடர் பற்றிய சில்லறை வழக்கு என்று ஆய்வுலகம் ஒதுங்கிவிட முடியாது. பார்வையாளர் கருத்துகளைத் திரட்டி, நேர்மறை எத்தனை, எதிர்மறை எத்தனை என்று பிரித்து, அட்டவணை போட்டு, ‘வரவேற்பு ஆய்வு’ என்று பெயர் வைப்பது எளிதாகிவிட்ட காலம் இது. எண்களின் இயல்பை நெட்ஃபிளிக்ஸே காட்டியது. முதல் 28 நாட்களில் 7 கோடி வீடுகள் ‘லூப்பனை’ப் பார்க்கும் என்று 2021 ஜனவரியில் அந்நிறுவனம் மதிப்பிட்டு அறிவித்தது, அப்போது அதன் கணக்கில் ஒரு படைப்பை இரண்டு நிமிடம் ஓடவிட்டாலே பார்த்ததாகப் பொருள். அத்தகைய எண்ணிக்கை பார்வையைப் பற்றி எதுவும் சொல்லாது. கருத்துகளின் எண்ணிக்கையும் அவ்வாறே. முதல் பகுதியைப் பற்றிய ‘லாஜிக் இல்லை’யும் மூன்றாம் பகுதியைப் பற்றிய ‘லாஜிக் இல்லை’யும் அட்டவணையில் ஒரே கட்டத்தில் விழும், ஒன்று பார்வையாளரின் குருட்டுப்புள்ளி, மற்றது படைப்பின் குருட்டுப்புள்ளி. அவற்றைப் பிரிக்கும் வேலையை எந்த மென்பொருளும் ஆய்வாளருக்குப் பதிலாகச் செய்துவிடாது. சொன்னவர் எந்த மொழியில் கேட்டார், எந்தக் காட்சியை நம்ப மறுத்தார், எதை எளிதாக நம்பினார் என்று வரிவரியாகப் படிப்பதைத் தவிர வழியில்லை.

நம்ப மறுத்ததைவிட எளிதாக நம்பியதே அதிகம் பேசும். அருங்காட்சியகத்தின் காவலையும் கண்காணிப்பையும் மீறி ஒருவன் வைர அணியைக் கொண்டுசெல்வதைப் பெரும்பாலானோர் கைதட்டி ஏற்றார்கள். துப்புரவுப் பணியாளனின் முகம் அங்கே எவருக்கும் நினைவில்லை என்பதில்தான் அவர்களுக்கு லாஜிக் இடித்தது. முதலாவது பெருமுயற்சியாலும் அரிதாகவே கைகூடுவது. இரண்டாவது எந்த முயற்சியுமின்றி ஒவ்வொரு நாளும் நடப்பது.